மேல் வரிசைப் பல்லும் சைனஸ் அறையும்

(யூபிலி ஆண்டு உடல்நல வாரத்தில், கள்ளிக்குப்பம் பங்குக் கூடத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

யூபிலியை ஒட்டி உடல்நலம் பற்றி ஒருவர் பேச வேண்டும் என்று விழாக் குழுவிலிருந்து ஒரு பெரியவர் என் வீட்டுக்கு வந்து கேட்டார். "இருதயம், சர்க்கரை, இரத்த அழுத்தம் இவற்றைப் பற்றிப் பேச வேறு டாக்டர்கள் இருக்கிறார்களே, பல்லைப் பற்றி யார் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள்?" என்றேன். அவர் சிரித்தார். சிரித்தபோது பார்த்தேன், மேல் வரிசையில் வலது பக்கம் மூன்று பற்கள் இல்லை. "இதைப் பற்றியே பேசுங்களேன் டாக்டர். எலும்பில் திருகாணி வைத்துப் பல் கட்டலாம் என்கிறார்கள். அது மூக்குக்குள் ஏறிவிடும் என்றும் சொல்கிறார்கள். எது நிஜம்?" என்று கேட்டார்.

இரண்டும் நிஜம்தான். அந்தப் பெரியவருக்கு வாசற்படியில் நின்றபடி சொல்ல முடியாத பதிலைத்தான் இன்று உங்கள் முன் சொல்ல வந்திருக்கிறேன்.

பல்வலிக்காரர்களுக்குத் திருச்சபையில் ஒரு பாதுகாவலி உண்டென்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் 249-ம் ஆண்டுக் கலகத்தின்போது பற்கள் உடைபட்டு வேதசாட்சியாக மரித்த புனித அப்பொலோனியா. பிப்ரவரி 9 அவருடைய திருநாள். கையில் ஓர் இடுக்கி, இடுக்கியின் நுனியில் ஒரு பல், இதுதான் படங்களில் அவருடைய அடையாளம். அந்தப் பல்லை ஓவியர்கள் பெரும்பாலும் வேரோடு தீட்டியிருப்பார்கள். நாம் கண்ணாடியில் பார்ப்பது பல்லின் தலையை மட்டுமே. கதையெல்லாம் வேரில் இருக்கிறது. மேல் வரிசைக் கடைவாய்ப் பல்லின் வேர் எங்கே போய் முடிகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

எல்லாரும் கன்னத்தில் ஒரு கையை வையுங்கள். கண்ணுக்குக் கீழே, மூக்குக்குப் பக்கத்தில். கையில் படும் எலும்பு உள்ளேயும் கெட்டியாக இருக்கும் என்றுதான் நினைப்போம். அப்படியில்லை. மெல்லிய சுவருக்குப் பின்னால் காற்று நிரம்பிய ஓர் அறை இருக்கிறது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. மேல்தாடை சைனஸ் என்று இதற்குப் பெயர். மூக்கைச் சுற்றி இப்படி நான்கு ஜோடி அறைகள் உண்டு. அவற்றில் இதுவே பெரியது. வளர்ந்தவர்களுக்குச் சராசரியாக 15 மில்லி கொள்ளும், அதாவது மூன்று தேக்கரண்டி. அறையின் கூரை கண் குழியின் தரை. உட்சுவர் மூக்கின் பக்கச் சுவர். அறையின் தரைக்குக் கீழேதான் கடைவாய்ப் பற்களின் வேர்கள் நிற்கின்றன. சிலருக்கு வேர் நுனிக்கும் அறைக்கும் நடுவே காகித கனத்துக்கு மட்டுமே எலும்பு இருக்கும். சிலருக்கு அதுவும் இராது, வெறும் சவ்வுதான்.

குழந்தை பிறக்கும்போது இந்த அறை மிகச் சிறியது. பால் பல் விழுந்து நிலைப் பல் முளைக்க முளைக்க, இதுவும் கீழ்நோக்கி விரிந்துகொண்டே வரும். எதற்காக ஆண்டவர் இந்த அறையை வைத்தார் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் ஒற்றுமை இல்லை. தலையின் கனத்தைக் குறைக்க என்பார் ஒருவர், மூச்சுக் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்த என்பார் இன்னொருவர்.

இந்த அறையில் ஒரு விசித்திரம் உண்டு. நம் அம்பத்தூர்த் தெருக்களில் ரோடு போட்டுப் போட்டு மேடாகி, பழைய வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன அல்லவா? மழை பெய்தால் வீட்டுக்குள் வந்த தண்ணீர் தானாக வெளியேறாது, இறைத்துத்தான் கொட்ட வேண்டும். சைனஸ் அறையும் அப்படித்தான். அதன் வாசல் தரையோரத்தில் இல்லை, கூரையை ஒட்டி மேலே இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு அறையின் தரை மூக்கின் தரையைவிடவும் தாழ்ந்திருப்பது வழக்கம். உள்ளே சுரக்கும் நீர் தானாக எப்படி வெளியே வரும்? அறையின் உட்சுவரில் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கிறது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, நீரை மேல்நோக்கித் தள்ளி வாசலில் கொண்டு சேர்க்கின்றன. இரவும் பகலும், நாம் தூங்கும்போதும்.

அந்த மயிரிழைகளின் பிடிவாதத்தைக் கேளுங்கள். அமெரிக்காவில் கால்டுவெல் என்பவர் 1893-லும், பாரிசில் லூக் என்பவர் 1897-லும் உதட்டுக்கு உட்புறமாக எலும்பைத் திறந்து இந்த அறையைச் சுத்தம் செய்யும் முறையைச் சொன்னார்கள். அதோடு, சீழ் வடியட்டும் என்று மூக்குப் பக்கம் தாழ்வாக ஒரு புது ஓட்டையும் போட்டுவைப்பார்கள். ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்து மெஸர்க்ளிங்கர் என்ற காது-மூக்கு-தொண்டை டாக்டர் இந்த நீரோட்டத்தை நுணுக்கமாகக் கவனித்தவர். கீழே எத்தனை ஓட்டை போட்டாலும் மயிரிழைகள் அதைச் சட்டை செய்யாமல், பழைய வாசலை நோக்கியே நீரை ஏற்றிக்கொண்டு போகின்றன என்று தெரிந்தது. ஆகவே இந்நாளில் குழாய்க் கண்ணாடி வைத்து அந்தப் பழைய வாசலையே அகலப்படுத்துகிறார்கள்.

இந்தச் சவ்வுக்கு ஷ்னைடர் சவ்வு என்று பெயர். 17-ம் நூற்றாண்டு ஜெர்மானியர் ஒருவரின் பெயர் அது. அதுவரை படித்தவர்கள்கூட மூக்கில் ஒழுகும் சளி மூளையிலிருந்து இறங்குகிறது என்று நம்பினார்கள். அது மூளையிலிருந்து வருவதல்ல, மூக்கின் சவ்விலேயே சுரப்பது என்று 1660 வாக்கில் எழுதிக் காட்டியவர் ஷ்னைடர். நம் வீடுகளில் "தலையில் நீர் கோத்துக்கொண்டது" என்று இன்றும் சொல்கிறோம். நீர் கோத்தது உண்மை. கோத்த இடம் கன்னத்துக்குள்.

இங்கிலாந்தில் ஹைமோர் என்ற வைத்தியர் 1651-ல் இந்த அறையை விவரித்து எழுதினார். அதனால் ஹைமோர் குழி என்றும் இதைச் சொல்வதுண்டு. அவரிடம் ஒரு சீமாட்டி வந்தாளாம். மேல் கோரைப்பல்லைப் பிடுங்கிய இடத்தில் ஓட்டை விழுந்து ஓயாமல் நீர் வடிந்தது. பயந்துபோனவள் ஓர் இறகுக் காம்பை எடுத்து உள்ளே விட்டுப் பார்த்தாள். அது போய்க்கொண்டே இருந்தது. மூளைக்கே போய்விட்டது என்று அலறிக்கொண்டு ஓடி வந்தவளுக்கு, இங்கே இயற்கையாகவே ஓர் அறை உண்டு என்று அவர் சொல்லித் தேற்ற வேண்டியிருந்தது.

சிரிக்காதீர்கள். என்னிடமும் அப்படி ஓடி வந்தவர்கள் உண்டு. மேல் கடைவாய்ப் பல் பிடுங்கிய மறுநாள் காலையில் காப்பி குடித்தால் காப்பி மூக்கு வழியாக வருகிறது! அறையின் தரையில் துளை விழுந்துவிட்டது என்பதுதான் இதற்கு அர்த்தம். 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இரத்தம் உறைந்து பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். அதற்குமேல் இருந்தால் பக்கத்து ஈறை இழுத்துத் தைத்து மூட வேண்டும். தள்ளிப்போட்டால் வாயிலுள்ள கிருமிகள் எல்லாம் மேலே குடியேறிவிடும்.

"மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்" என்ற பயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் சம்பந்தம் இல்லை. கண்ணுக்குக் கீழே கன்னத்துக்கு உணர்ச்சி தரும் வேறொரு நரம்பு சைனஸின் கூரையில் ஓடுகிறது, பல்வலி அந்த வழியாகக் கண்வரை தெறிக்கும். பயம் பிறந்தது அதிலிருந்துதான். இந்தப் பயத்தால் சீழ் பிடித்த பல்லை வருஷக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்குத்தான் உண்மையில் ஆபத்து.

இனி என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். சொல்வது எனக்குப் பெருமையான காரியம் அல்ல.

என் அக்கா பாடகர் குழுவில் இருந்தவர். நான் சிறுவனாக இருந்த காலத்திலிருந்தே ஞாயிறு பூசையில் அவர் குரலைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஐம்பது வயதுக்குமேல் மேல் வரிசை இடப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்களை எடுக்க நேர்ந்தது. பல வருஷம் அப்படியே விட்டுவிட்டார். பிறகு ஒரு நாள், எனக்குத் தொந்தரவு தர வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, வேறு ஓரிடத்தில் ஒரு செயற்கைப் பல் வேர் பதித்துக்கொண்டார். ஒரே நாளில் வேலை முடிந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

நாலைந்து மாதத்தில் இடப்பக்கம் மூக்கடைப்பு. குனிந்தால் கன்னம் கனக்கும். மாடிப்படி இறங்கினால் மேல் பற்கள் அதிரும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நாற்றம், தமக்கே தெரிகிற நாற்றம். ஆவி பிடித்தார். நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டார். என்னிடமும் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எஸ்டேட் தூசி அக்கா, செங்குன்றம் ரோட்டுப் புழுதி, அலர்ஜியாக இருக்கும்" என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். பல் டாக்டரான தம்பி, வாயைத் திறக்கச் சொல்லவில்லை. இப்படி இரண்டு வருஷம் போயிற்று. அக்கா பாடகர் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். தொண்டை சரியில்லை என்று காரணம் சொன்னார். பக்கத்தில் நிற்பவர்களுக்கு நாற்றம் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம்தான் காரணம் என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒரு நாள் அந்தப் பல் கழன்று கையோடு வந்துவிட்டது. பல் மட்டும்தான் வந்தது. எலும்புக்குள் இருந்த திருகாணி எங்கே? சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். சைனஸ் அறை முழுதும் சீழ் அடைத்துக்கொண்டு, தரையோரத்தில் வெள்ளையாக ஒரு திருகாணி படுத்துக் கிடந்தது.

இது எப்படி நேர்ந்தது என்று விளங்க வேண்டுமானால், இம்ப்ளாண்ட் என்பது என்ன என்று சொல்லியாக வேண்டும். இந்தக் கூடத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் வேலை பார்த்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். என் தகப்பனாரும் அங்கே வேலை பார்த்தவர்தான். உங்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

இம்ப்ளாண்ட் என்பது டைட்டானியம் உலோகத்தில் மரை வெட்டிய ஒரு சிறு திருகாணி. குறுக்களவு 3.5-லிருந்து 5 மில்லிமீட்டர், நீளம் பெரும்பாலும் 8-லிருந்து 13 மில்லிமீட்டர். தாடை எலும்பில் துளையிட்டு முறுக்கிவிடுவார்கள். சில மாதங்களில் எலும்பு வளர்ந்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதன் தலையில் பல்லைப் பொருத்துவார்கள். துளை போடும்போது எஸ்டேட்டில் கூலன்ட் ஊற்றுவதுபோல இங்கேயும் உப்பு நீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். எலும்பு 47 டிகிரி சூட்டில் ஒரு நிமிஷம் இருந்தாலே அந்த இடம் பழுதாகிவிடும் என்று 1983-ல் சுவீடனில் கண்டுபிடித்தார்கள். செத்த எலும்பு திருகாணியைப் பிடிக்காது.

டைட்டானியத்தை எலும்பு பிடித்துக்கொள்ளும் என்பது தற்செயலாகத் தெரிய வந்த விஷயம். சுவீடன் தேசத்தில் பிரோனமார்க் என்ற டாக்டர் 1952-ல் முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தால் ஆன ஒரு சிறு கருவியைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனால் கழலவில்லை. எலும்பு அதோடு ஒன்றாகிப் போயிருந்தது. வேறொருவராக இருந்தால் கருவி வீணாயிற்று என்று சலித்துக்கொண்டிருப்பார். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். 1965-ல் கோஸ்டா லார்சன் என்ற, தாடை சரியாக அமையாத மனிதருக்குக் கீழ்த் தாடையில் வைத்தார். லார்சன் 2006-ல் இறக்கும்வரை, நாற்பது வருஷம், அந்தப் பற்களோடு சாப்பிட்டார்.

ஒரு சின்ன உபரித் தகவல்: டைட்டானியத்தின் தாது நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலாகக் கிடக்கிறது. இல்மனைட் என்று பெயர். கடற்கரையில் காலில் ஒட்டும் கருப்பு மணல்தான்.

லார்சனுக்கு வைத்தது கீழ்த் தாடையில் என்று சொன்னேன் அல்லவா? கீழ்த் தாடை எலும்பு தேக்குக் கட்டை மாதிரி. மேல்தாடையின் பின்பக்கம் முருங்கைக் கட்டை மாதிரி. மேலே சைனஸ் அறை வேறு. பல் இருக்கும்வரை மெல்லும் வேலையால் எலும்புக்கு உரம் ஏறிக்கொண்டிருக்கும். பல் போனதும் வேலை இல்லாத எலும்பு கீழேயிருந்து தேயத் தொடங்குகிறது. அதே சமயம் சைனஸ் அறையும் மேலேயிருந்து கீழே இறங்குகிறது. பல வருஷம் கழித்துப் பார்த்தால் சிலருக்கு 3 மில்லிமீட்டர் எலும்புகூட மிஞ்சியிருக்காது.

என் அக்காவுக்கு மிஞ்சியிருந்தது 4 மில்லிமீட்டர். வைத்தது 10 மில்லிமீட்டர் திருகாணி. அளவு பார்க்காமல் வைத்திருக்கிறார்கள். பார்த்துச் சொல்ல வேண்டிய நானும் பார்க்கவில்லை. திருகாணியின் நுனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் பலருக்கு ஒன்றும் ஆகாது, சவ்வே அதை மூடிக்கொண்டுவிடும். பாதிக்குமேல் அந்தரத்தில் நின்றால் எலும்பு எதைப் பிடிக்கும்? ஆடியது, கிருமி ஏறியது, மெல்ல மெல்ல மேலே நழுவி அறைக்குள் விழுந்துவிட்டது. மயிரிழைகள் பாவம், சளியைத் தள்ளும், திருகாணியைத் தள்ளுமா?

காது-மூக்கு-தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் குழாய்க் கண்ணாடி விட்டு, வாசலை அகலப்படுத்தி, திருகாணியை எடுத்து, அறையைக் கழுவிவிட்டார். தாடையிலிருந்த துளையை நாங்கள் மூடித் தைத்தோம். மூன்றாம் வாரம் அக்கா போன் செய்து, "தம்பி, மல்லிப்பூ வாசனை தெரியுதுடா" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

சைனஸ் தொல்லையில் பல்லால் வருவது நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு என்று பழைய புத்தகங்களில் எழுதியிருக்கும். ஸ்கேன் வந்த பிறகு, ஒரு பக்கம் மட்டும் வரும் சைனஸில் அது அதைவிட மிக அதிகம் என்று தெரிந்திருக்கிறது. ஆகவே சளித் தொல்லை ஒரே பக்கம் இருந்தால், நாற்றம் இருந்தால், அதே பக்கம் மேல் வரிசையில் சொத்தையோ வேர் சிகிச்சை செய்த பல்லோ இம்ப்ளாண்டோ இருந்தால், பல் டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள். இதற்கு எதிர்மாறும் உண்டு. சாதாரணச் சளியால் சைனஸ் வீங்கினால் மேல் கடைவாய்ப் பற்கள் நாலைந்தும் ஒன்றாக வலிக்கும். எந்தப் பல் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. அந்த வலிக்கு நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வலி போகாமல் அடுத்த பல்லையும் பிடுங்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சளி குறையும்வரை பொறுத்துப் பாருங்கள்.

எலும்பு குறைவானவர்களுக்கு என்ன வழி? ஒன்று, அறையின் தரையைத் தூக்கி உயர்த்துவது. 1970-களில் அமெரிக்காவில் ஹில்ட் டேட்டம் என்ற பல் டாக்டர் இதைச் செய்யத் தொடங்கினார். 1980-ல் பாய்ன், ஜேம்ஸ் என்ற இருவர் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். கன்னத்துப் பக்கம் எலும்பில் சிறு ஜன்னல் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் ஷ்னைடர் சவ்வைக் கிழியாமல் உரித்து மேலே தூக்க வேண்டும். அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டுக்கு அடியில் ஒரு தோல் வருமே, ஏறக்குறைய அப்படியானது. இந்த வேலையைப் பழகுகிற டாக்டர்கள் பச்சை முட்டையின் ஓட்டைச் சீவி, அந்தத் தோல் கிழியாமல் எடுத்துத்தான் பழகுகிறார்கள். சவ்வைத் தூக்கியதும் கிடைக்கும் இடத்தில் எலும்புத் தூளை நிரப்புவார்கள். நம் உடம்பிலிருந்தே எடுத்த எலும்பாக இருக்கலாம், பதப்படுத்திய மாட்டு எலும்புத் தூளாகவும் இருக்கலாம். யாருக்காவது அதில் மனச் சங்கடம் இருந்தால் முன்னதாகவே கேளுங்கள், வேறு பொருள்களும் உண்டு. ஆறு மாதம் அல்லது அதற்குமேல் ஆகும் அது எலும்பாக. அடியில் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு எலும்பு இருந்தால் அன்றே திருகாணியையும் வைத்துவிடலாம் என்பது பொதுவான கணக்கு. குறைவு கொஞ்சமாக இருந்தால் ஜன்னல் திறக்காமல், திருகாணிக்குப் போட்ட துளை வழியாகவே தட்டி உயர்த்துவதும் உண்டு. 1994-ல் சம்மர்ஸ் சொன்ன முறை அது.

தேர்ந்த கைகளிலும் ஐந்தில் ஒருவருக்கு அந்தச் சவ்வு கிழிந்துவிடுகிறது. சிறு கிழிசலை அங்கேயே ஒட்டுப்போடுவார்கள். பெரிதாக இருந்தால் வேலையை நிறுத்தி, சில மாதம் கழித்துத் தொடங்க வேண்டும். அப்படி நிறுத்துகிற டாக்டரைக் கோபிக்காதீர்கள். நிறுத்தத் தெரிந்தவரிடம்தான் நம்பிப் போகலாம்.

இன்னும் வழிகள் உண்டு. 6 மில்லிமீட்டர் குட்டைத் திருகாணிகள் வந்திருக்கின்றன. மேல் எலும்பு முழுக்கத் தேய்ந்தவர்களுக்குக் கன்ன எலும்பையே பிடித்து நிற்கும் நீளமான திருகாணிகள் உண்டு. அதுவும் பிரோனமார்க் வழியில் வந்ததுதான். சாதாரணக் கழற்றி மாட்டும் பல் செட்டும் இருக்கிறது. செட் என்றால் ஏளனம் வேண்டாம். சரியாகச் செய்தால் அது நல்ல பல்.

யாருக்கு வைக்கலாம், யாருக்குக் கூடாது? சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்களுக்கு வைக்கலாம், ஏறியிருப்பவர்கள் முதலில் அதை இறக்க வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குத் திருகாணி தோற்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு. புகை அந்த மயிரிழைகளையும் முடக்கிவிடும். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சைனஸ் உள்ளவர்கள் அதைக் குணப்படுத்திக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார வேண்டும், அறைக்குள் குப்பையை வைத்துக்கொண்டு தரை போடுவார்களா? நாற்காலியில் உட்காருவதற்கு முன் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "எனக்கு எலும்பு எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது? சைனஸ் சுத்தமாக இருக்கிறதா? படத்தில் காட்டுங்கள்." வாய் முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் ஓரளவு தெரியும். கோன் பீம் சி.டி. என்ற முப்பரிமாணப் படத்தில் துல்லியமாகத் தெரியும். காட்டாமல் துளையிடுகிறவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு: கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்ட்ரலில் இறங்கி நடந்தே போகலாம். பூந்தமல்லிப் பக்கமும் முகப்பேர்ப் பக்கமும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. யோசனை கேட்கவாவது ஒரு முறை போய் வாருங்கள்.

மேல்தாடையில் வேலை நடந்த பிறகு இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உறிஞ்சு குழல் போட்டு இளநீர் குடிக்கக் கூடாது. பலூன் ஊதக் கூடாது. நாதஸ்வரம், கிளாரினெட் வாசிப்பவர்களும் ஓய்வெடுக்க வேண்டும், பேண்டு குழுப் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே காற்றழுத்தம் ஏறினால் தையலும் சவ்வும் பிரிந்துவிடும். பல் கட்டியாயிற்று, இனி சொத்தை வராது என்று பல் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள். திருகாணிக்குச் சொத்தை வராதுதான், சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழுகும்.

2021-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா இரண்டாம் அலைக்குப் பின்னால் கருப்புப் பூஞ்சை என்று வந்தது. சர்க்கரை ஏறியவர்களுக்கும், ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்களுக்கும் மூக்கிலும் இந்தச் சைனஸ் அறையிலும் பூஞ்சை பிடித்து, மேல்தாடை எலும்பு கருகிப்போயிற்று. பலருக்கு உயிரைக் காப்பாற்ற மேல்தாடையையே எடுக்க வேண்டியதாயிற்று. கண்ணை இழந்தவர்களும் உண்டு. நல்ல பல் வரிசையாக ஆடியதுதான் சிலருக்கு முதல் அடையாளமாக இருந்தது. தாடையை இழந்தவர்களில் பலர் இன்று கன்ன எலும்புத் திருகாணிகளின் துணையோடு மறுபடி சோறு மென்று சாப்பிடுகிறார்கள். ஆகையால் சில அடையாளங்களைச் சாதாரணச் சளி என்று விட்டுவிடாதீர்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிதல், கடும் காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரே மூக்கில் அடிக்கடி இரத்தம், கன்னத்தில் மரத்துப்போன உணர்ச்சி, காரணமின்றி மேல் பற்கள் ஆடுதல் இருந்தால் புற்றுநோய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சீக்கிரம் வந்தவர்களைக் காப்பாற்ற முடிகிறது.

அக்கா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அறை சுத்தமாகி ஒரு வருஷம் ஆனதும், தரையை உயர்த்தி முறைப்படி வைத்துத் தருகிறேன் என்று நானே சொன்னேன். என் மனச்சாட்சியின் பாரத்தை இறக்கிவைக்கிற அவசரம் அதில் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். "எனக்கு இந்தப் பக்கம் மென்றால் போதும் தம்பி. ஒரு சின்ன செட் செய்து கொடு" என்றார். செய்து கொடுத்தேன். பாட்டின்போது அது ஆடுகிறது என்று மூன்று முறை திருப்பிக் கொண்டுவந்தார். மூன்று முறையும் திருத்திக் கொடுத்தேன். இப்போது இரண்டாவது வரிசையில் ஓரமாக நின்று பாடுகிறார்.

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்திருப்பவர்கள் போய்விடாமல் இருங்கள். இங்கே டியூப் லைட் வெளிச்சம் போதாது, வாசல் பக்கம் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்போம். முதலில் அந்தப் பெரியவர் வரட்டும்.